லோன் ரிஜெக்ட் ஆன பிறகு கேமரா வாங்குவது: சென்னை போட்டோகிராஃபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாண வேலை செய்கிறவர்கள், குழந்தை போட்டோ எடுக்கிறவர்கள், யூடியூப் சேனலுக்கு ஷூட் செய்கிறவர்கள் என்று பலரும் கேட்கும் விஷயம் ஒன்றுதான். கேமரா வாங்கப் போனேன், லோன் தரமாட்டேன் என்றுவிட்டார்கள், இனி என்ன செய்வது? சோனி ஏ7 மார்க் 4, கேனன் ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்6 மார்க் 3 மூன்றும் இந்தியாவுக்கு வந்தபோது பாடி மட்டுமே 2.4 லட்சத்திலிருந்து 2.5 லட்சத்துக்குள் இருந்தது. அதற்கு மேல் ஒரு நல்ல லென்ஸ், இரண்டு பேட்டரி, கார்டு, ஃபிளாஷ். மொத்தப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் கடன் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. மறுத்துவிட்டார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் எங்கோ பதிவாகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த கதவைத் தட்டாதீர்கள் என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்கிறேன்.

கடையில் ஒரு ஃபைனான்ஸ் ரிஜெக்ட் செய்தது. பக்கத்து டேபிளில் இன்னொரு கம்பெனி இருக்கிறதே, உடனே போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்த டேபிளில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பான் நம்பர் கேட்பார், ஆதார் கேட்பார், டேப்லெட்டில் தட்டுவார். உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும். "சொல்லுங்க சார்" என்பார், சொல்வீர்கள். அந்த ஓடிபிதான் உங்கள் கடன் வரலாற்றை அந்த நிறுவனம் எடுத்துப் பார்க்க நீங்கள் தரும் சம்மதம். பார்த்த விவரம் தேதியோடு உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். முதலாவது கம்பெனி மறுத்ததும் அதே ஊழியர் நல்ல எண்ணத்தோடு இரண்டாவதில், மூன்றாவதில் போடுவார். அவருக்கு அன்றைக்கு அந்த விற்பனை முடிய வேண்டும். ஆனால் ஒரே நாளில் நாலு இடத்தில் கடன் கேட்டு எங்கும் கிடைக்காத ஆள் என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லும். ஐந்தாவதாகப் பார்க்கிறவர் இன்னும் தயங்குவார்.

ஒரு மறுப்பு வந்ததும் "போதும், யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். ஓடிபி கேட்டால் எந்த கம்பெனிக்கு, எதற்கு என்று முதலில் கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்த மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள்.

எதனால் மறுத்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வங்கியாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள். எல்லா வகைக் கடனுக்கும், கிரெடிட் கார்டுக்கும்கூட, மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2007-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு" என்பது காரணம் ஆகாது. அப்படிச் சொன்னால் மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.

கூடவே உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் ஒன்றில் இருக்கும் தப்பு இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இதைப் பயந்துகொண்டு பார்க்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் 300-க்கும் 900-க்கும் நடுவே இருக்கும் ஸ்கோர் என்ற அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே போங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகக் கட்டங்கள் இருக்கும், எத்தனை நாள் தாமதம் என்று அதில் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் மொபைல் போன் வாங்கிய தவணையில் கடைசி மாதம் விட்டுப்போனது அங்கே உட்கார்ந்திருக்கும். மச்சானுக்கு பைக் லோனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் இருக்கும், அவர் டியூ கட்டாத மாதங்களோடு. உபயோகிக்காத கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் 590 ரூபாய் பாக்கி என்று ஓடிக்கொண்டிருக்கும். முகவரியையும் பாருங்கள். ஆதாரில் ஊர் முகவரி, வங்கியில் பழைய வாடகை வீடு, இப்போது இருப்பது வேறு வீடு என்பது சென்னையில் வாடகைக்கு இருக்கிற பலருடைய நிலைமை. மூன்றும் பொருந்தவில்லை என்பதற்காகவே திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் உண்டு. இதைச் சரிசெய்வது சுலபம்.

எனக்கு எந்தக் கடனும் இருந்ததில்லை. அப்படியும் ஏன் மறுக்கிறார்கள்?

கடன் வாங்காதவரைப் பற்றி அவர்களிடம் எந்தத் தகவலும் இல்லை, அதனால்தான். யாருக்கும் கை நீட்டாமல் வாழ்ந்தவரைப் பார்த்து "ஹிஸ்டரி இல்லை" என்று சொல்வது மனசுக்கு வலிக்கும், எனக்குப் புரிகிறது. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. குறைந்தபட்ச ஸ்கோர் என்று எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமும் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. வங்கி மேலாளரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். ஆனாலும் கடன் தருவதும் தராததும் கடைசியில் அவர்கள் முடிவுதான்.

சுலபமான வழி, உங்களுக்குக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே 20,000 அல்லது 30,000 ரூபாய்க்கு வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்குவது. இதற்குப் பழைய வரலாறு தேவையில்லை. மாதாமாதம் பெட்ரோல் மட்டும் அதில் போட்டு, பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது கூடாது. மீதிக்கு மாதம் 3.5% வட்டி என்றால் ஆண்டுக்கு 42% ஆகிறது.

பழைய கடனை பேசி செட்டில் செய்துவிட்டேன். அப்புறமும் மறுக்கிறார்களே?

முழுவதும் கட்டி முடித்த கடன் ரிப்போர்ட்டில் "க்ளோஸ்டு" என்று வரும். பாதிக்குப் பேசி முடித்தது "செட்டில்டு" என்று வரும். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. தள்ளுபடி செய்த மீதித் தொகையைக் கட்டிவிட்டு "க்ளோஸ்டு" என்று மாற்றச் சொல்லலாம். முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பிறகு பணம் கட்டுங்கள், பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றை (என்ஓசி) கையோடு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி கட்டாதீர்கள்.

நான் வாங்காத கடன் என் பெயரில் இருக்கிறது!

பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் இன்னொருவருடைய கடன் உங்கள் பேரில் ஏறுவது நடக்கக்கூடியது. ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதிவு செய்யலாம், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள விதி. அப்போதும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. ராஜாஜி சாலை அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை. 14448 என்ற இலவச எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்கோர் நன்றாகத்தான் இருக்கிறது. வருமானச் சான்று இல்லை என்கிறார்கள்.

நம் தொழிலில் இதுதான் பெரிய சிக்கல். ஒரு கல்யாணத்துக்கு 80,000 ரூபாய் பேசுகிறோம் என்று வையுங்கள். அட்வான்ஸ் 10,000 பொண்ணோட அப்பா கையில் தருவார். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையின் மாமா ஒரு கவரைத் திணிப்பார். ஆல்பம் டெலிவரிக்கு மீதி, அது ஜிபேயில் உங்கள் மனைவியின் நம்பருக்கு வரும். கேண்டிட் எடுத்த தம்பிக்கு, வீடியோ எடிட்டருக்கு, ஆல்பம் லேபுக்கு எல்லாம் அதிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவீர்கள். வருஷத்துக்கு ஆறேழு லட்சம் உங்கள் கை வழியாகப் போயிருக்கும். ஆனால் உங்கள் பாஸ்புக்கைப் புரட்டும் வங்கி அதிகாரிக்கு நீங்கள் மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் ஆள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் முன்னால் இருக்கும் காகிதம் அப்படிச் சொல்கிறது.

இதை மாற்ற ஒரு வருஷம் பொறுமை வேண்டும். தொழிலுக்கென்று தனி நடப்புக் கணக்கு, அதற்கு ஒரே க்யூஆர் கோடு. அட்வான்ஸ் உட்பட எல்லாம் அதில் வரட்டும். கையில் வாங்கிய பணத்தையும் அன்றைக்கே அதில் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பில் கொடுங்கள், சாதாரண பில் புத்தகம் போதும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

அப்புறம் வருமான வரிக் கணக்கு. வரி வராது என்பதற்காகக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி சிறு தொழில் செய்பவர் கணக்குப் புத்தகம் வைக்காமலே, டிஜிட்டலாக வந்த வரவில் 6%, ரொக்க வரவில் 8% லாபம் என்று காட்டி ஐடிஆர்-4 என்ற படிவத்தில் தாக்கல் செய்யலாம். அது குறைந்தபட்ச அளவு. உங்கள் உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் உண்மையைக் காட்டுங்கள். கடன் கேட்கும்போது அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். இரண்டு வருஷக் கணக்கு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் போதும், முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல.

மறுபடி விண்ணப்பிக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

காரணம் சரியான பிறகு. முகவரி, சின்ன பாக்கி என்றால் சீக்கிரம். 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவலைப் புதுப்பிக்க வேண்டும், அதனால் முன்பு போல நீண்ட நாள் ஆகாது. விட்டுப்போன தவணைகள் பல இருந்தால் ஆறு மாதமாவது ஒழுங்காகக் கட்டிக் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் மாற்றம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே போங்கள்.

தை மாசத்துக்கு வேலை புக் ஆகிவிட்டது. அதுவரை காத்திருக்க முடியாதே?

வாடகைக்கு எடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாக்காரர்களுக்குக் கொடுக்கும் இடங்களிலேயே நமக்கும் கிடைக்கும். ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள், தெரிந்தவர் ஒருவர் சொன்னால் இன்னும் சுலபம். எடுக்கும்போதே சென்சாரில் தூசி, லென்ஸில் கீறல், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே பார்த்து போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பாடியும் லென்ஸும் சேர்த்து ஒரு நாள் வாடகை 3,000 ரூபாய் என்று வைப்போம். இன்னொரு பக்கம் 2 லட்சம் கடன், 16% குறையும் வட்டி (மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் போடுவது), 24 மாதம். மாத டியூ 9,793 ரூபாய் வரும். ஆண்டுக்கு 1,17,500 ரூபாய். அதாவது வருஷத்தில் 40 நாளுக்குக் கீழே ஷூட் இருப்பவருக்கு வாடகைதான் லாபம். 60, 70 நாள் ஓடுகிறவர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, இரண்டு வருஷம் கழித்து கேமராவும் அவருக்கு மிஞ்சும். வாடகையை வாடிக்கையாளரிடம் பேசும் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நகையை வைத்து வாங்கலாமா?

லோன் மறுக்கப்பட்டவருக்கு இருக்கும் வழிகளில் இதுதான் பெரும்பாலும் மலிவு. வங்கியிலோ ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனத்திலோ வையுங்கள். தெருமுனை அடகுக் கடைக்கும் வங்கிக்கும் வட்டியில் இருக்கும் வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள், நடந்து போன தூரம் வீணாகாது. 2025 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதன்படி 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை தரலாம், 5 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. 2.5 லட்சத்துக்குள் என்றால் விரிவான வருமானச் சோதனையும் கட்டாயமில்லை. கடனை முழுவதும் அடைத்த பின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராமல் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்றும் அதில் இருக்கிறது.

நம் தொழிலுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மாத டியூ கட்டாயமில்லாத நகைக்கடனில் தை, மாசி, வைகாசி வரும்படி வரும்போது பெரிய தொகையாகக் கட்டிக் குறைக்கலாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். வட்டியையாவது மாதாமாதம் கட்டுங்கள்.

இன்னொன்று. நகை வீட்டில் யாருடையதோ அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை சவரன், எத்தனை மாதம், எந்தெந்தக் கல்யாணத்தின் பணத்தில் மீட்பது என்று எழுதிக் காட்டுங்கள். அம்மாவோ மனைவியோ தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள். கேமராவை அடுத்த வருஷம்கூட வாங்கலாம்.

வைப்புத்தொகை இருக்கிறது. உடைத்துவிடலாமா?

உடைக்காமல் அதன் பேரிலேயே கடன் கேளுங்கள். பல வங்கிகள் 90% வரை தரும், வட்டி உங்கள் டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் அதிகம். ஸ்கோரை வைத்து மறுக்கும் பேச்சும் இங்கே பெரும்பாலும் வராது.

முத்ரா லோன் கேமராவுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், ஆசைக்கு வாங்கும் கேமராவுக்கு அல்ல, தொழிலுக்கு. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. தொழில் கணக்கு இருக்கும் கிளைக்கே போங்கள். கடையிலிருந்து ஜிஎஸ்டி எண்ணோடு கொட்டேஷன், உத்யம் சான்று, வங்கி ஸ்டேட்மெண்ட், வரிக் கணக்கு, கையில் இருக்கும் புக்கிங் விவரம் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். வாராக்கடன் பாக்கி இருந்தால் இங்கேயும் நிற்கும். தரகர் யாராவது "சார், கமிஷன் கொடுத்தா வாங்கித் தரேன்" என்றால் ஒதுங்கிவிடுங்கள். முத்ராவுக்குத் தரகரே கிடையாது. முதல்முறை தொழில் தொடங்குபவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய திட்டங்களையும் விசாரிக்கலாம்.

சீட்டு எடுத்து வாங்கலாமா?

பதிவுத் துறையில் பதிவான சீட்டு என்றால் சரி. 2019 திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவரின் கமிஷன் 7% வரை போகலாம். ஆரம்ப மாதங்களிலேயே ஏலத்தில் எடுத்தால் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுத் தொகை பெரிதாக இருக்கும், அது உங்களுக்கு வட்டி மாதிரிதான். ஏலம் எடுத்த பிறகும் பணம் கைக்கு வர ஜாமீன்தாரர் கேட்பார்கள், அவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். தெருவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் சீட்டில் கேமராப் பணத்தைப் போடாதீர்கள்.

நண்பன் பேரில் தவணைக்கு எடுத்து நான் கட்டுகிறேன். அதில் என்ன பிரச்னை?

கடன் அவருடையது, கேமரா உங்களுடையது, பில்லில் இருப்பது அவர் பெயர். நீங்கள் ஒரு மாதம் தவறினால் அவருடைய ஸ்கோர் விழும். அவர் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் அது தெரியவரும். கேமரா திருட்டுப் போனால் புகார் கொடுக்கவும், காப்பீடு கேட்கவும், வாரண்டிக்கும் அவரே வர வேண்டும். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் உங்கள் வரலாற்றில் ஒரு வரிகூட ஏறாது. நட்பு முறிந்த கதைகளை இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்டிருப்போம். அதற்குப் பதில் சம்பளம் வாங்கும் அப்பாவோ மனைவியோ இணை விண்ணப்பதாரராகச் சேரட்டும். அப்போது எல்லாம் வெளிப்படையாக, காகிதத்தில் இருக்கும்.

தெரிந்தவர் மூணு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார்.

நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36%. 2 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வட்டியாகவே போகும், அசல் அப்படியே நிற்கும். பத்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டலில் இருப்பவர்கள் தயங்காமல் காவல் நிலையம் போங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

ஐந்து நிமிடத்தில் லோன் தரும் ஆப்?

பின்னால் இருப்பது எந்த வங்கி, எந்த நிறுவனம் என்று பாருங்கள். 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் தளத்தில் இந்த ஆப்களின் பட்டியலைப் போட்டிருக்கிறது. அதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் திறக்க அனுமதி கேட்டாலும் அழித்துவிடுங்கள். "உங்க லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, ப்ராசஸிங் சார்ஜ் 4,999 மட்டும் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் வருவது மோசடி. மறுக்கப்பட்டு மனம் சோர்ந்திருப்பவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் வட்டியே இல்லையா?

வட்டி உண்டு. கடையோ கம்பெனியோ அந்த வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகத் தருகிறது, அவ்வளவுதான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளிடம் கறாராகச் சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டு இஎம்ஐயில் வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும். வட்டி 20,000 என்றால் 3,600 ரூபாய். அதற்கு மேல் ப்ராசஸிங் கட்டணம். முழுப் பணமும் கொடுத்தால் என்ன விலை என்று ரிச்சி தெருவிலும் மவுண்ட் ரோடிலும் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வாருங்கள், உண்மையான வித்தியாசம் அப்போது தெரியும்.

"ஃபிளாட் 12% தான்" என்று சொன்னாலும் உஷார். 2 லட்சத்துக்கு இரண்டு வருஷம் 48,000 வட்டி, மாத டியூ 10,333. நீங்கள் அசலை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 2 லட்சத்துக்குப் போடப்படுகிறது. குறையும் வட்டிக் கணக்கில் அது ஏறக்குறைய 21.5%. இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காகத்தான் 2024 அக்டோபர் முதல் ஒவ்வொரு கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று விதி வந்தது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

மாதம் எவ்வளவு டியூ தாங்கும் என்று எப்படி முடிவு செய்வது?

ஆடி மாதத்தையும் மார்கழி மாதத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். கடையில் "உங்களால மாசம் பத்தாயிரம் கட்ட முடியாதா சார்" என்று கேட்பது பெரும்பாலும் வைகாசியிலோ தையிலோ, கையில் பணம் புழங்கும்போது. ஆடியில் மண்டபங்கள் காலியாக இருக்கும். புரட்டாசியில் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியில் சபாக் கச்சேரிகளில் வேலை கிடைக்கிறவர்கள் தவிர மற்றவர்களுக்குச் சும்மா இருக்கும் மாதம். ஆனால் டியூ தேதி 5 என்றால் ஆடியிலும் 5-ஆம் தேதிதான்.

போன வருஷத்து டைரியை எடுத்து மாத வாரியாக எழுதுங்கள். வந்த பணத்தை மட்டும் எழுதாமல், ஆட்களுக்கும் ஆல்பத்துக்கும் பெட்ரோலுக்கும் போக மிஞ்சியதை எழுதுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவைக் கழியுங்கள். ரொம்ப மோசமான மூன்று மாதங்களின் சராசரியில் என்ன நிற்கிறதோ அதற்குள் டியூ இருக்கட்டும். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் கேமரா வரும் முன்னாலேயே மூன்று டியூவுக்கான பணம் தனியாக வங்கியில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 2.5 லட்சம் பாடி பொருந்தாமல் 1.2 லட்சத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பாடி பொருந்தினால், அதை வாங்குங்கள். பொண்ணு வீட்டார் ஆல்பத்தைத்தான் பார்க்கப் போகிறார்கள், பாடியில் எழுதியிருக்கும் எண்ணை யாரும் கேட்பதில்லை.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஷட்டர் கவுண்ட் முதலில், அதாவது இதுவரை எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்ற எண். நிக்கான் டி850-க்கு 2 லட்சம், கேனன் 5டி மார்க் 4-க்கு 1.5 லட்சம் கிளிக் வரை தாங்கும்படி சோதித்திருக்கிறார்கள். கல்யாணத்தில் ஓடிய பாடி என்றால் அதன் பாதியைச் சுலபமாகத் தாண்டியிருக்கும். லென்ஸ் துளையை எஃப்16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து சென்சாரில் தூசி, கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். தவணையில் வாங்கிய பொருள் என்றால் கடன் முடிந்த என்ஓசியைக் கேட்டு வாங்குங்கள். டியூ பாக்கி இருக்கும் கேமராவை விற்க அவருக்கு உரிமை கிடையாது.

பர்மா பஜார் பக்கம் பில் இல்லாமல் குறைத்துத் தருகிறார்களாமே?

இந்திய வாரண்டி இருக்காது, காப்பீடு எடுக்க முடியாது, எந்தக் கடனும் கிடைக்காது. கேமராவுக்கு 2019 ஜனவரி முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. ஜிஎஸ்டி பதிவு இருப்பவர் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் பில்லோடு வாங்குவதே மலிவாக முடியும்.

ஒரு மாதம் டியூ கட்ட முடியாது போலிருக்கிறது. என்ன செய்வது?

கணக்கில் பணம் இல்லாமல் டியூ பவுன்ஸ் ஆகும் முன்னால் கடன் நிறுவனத்திடம் பேசுங்கள், மின்னஞ்சலிலும் எழுதுங்கள். பவுன்ஸ் ஆனால் வங்கி ஒரு கட்டணம், கடன் நிறுவனம் ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் போகும், ரிப்போர்ட்டிலும் ஏறும். 2024 ஏப்ரல் முதல் தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான். அதையும் அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. மண்டபத்துக்கே வந்து வாடிக்கையாளர் முன்னால் அவமானப்படுத்துவேன் என்று மிரட்டினால் அழைப்பைப் பதிவு செய்து நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேலே சொன்ன குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

கடன் முடியும் முன்னால் கேமரா திருட்டுப் போனாலோ உடைந்தாலோ?

டியூ நிற்காது, கடைசி மாதம் வரை கட்டியே ஆக வேண்டும். அதனால் வாங்கிய வாரத்திலேயே காப்பீடு எடுங்கள். கடையில் தரும் கூடுதல் வாரண்டி பழுதுக்கு மட்டும்தான், திருட்டுக்கோ கீழே விழுவதற்கோ வராது. திருட்டு, விழுந்து உடைவது இரண்டுக்கும் சேர்த்து வரும் கேமரா உபகரணங்களுக்கான ஆல் ரிஸ்க் பாலிசி கேளுங்கள். தொழில்முறைப் பயன்பாடு என்று விண்ணப்பத்தில் உண்மையாக எழுதுங்கள், மறைத்தால் பிறகு அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். நிறுத்திய காருக்குள்ளிருந்து போனால் பணம் தருவார்களா, மண்டபத்தில் மேஜை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனபோது போனால் தருவார்களா என்று எடுப்பதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பில், சீரியல் எண், பெட்டியின் படம் மூன்றையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். திருட்டு நடந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.